பழைய காரில் ஹீட்டர் காற்று சரியாக வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமவெளியில் ஓடும் காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவிருக்காது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போதுதான் அந்தச் சிவப்புக் குறிப் பக்கம் கை போகும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டியில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் முன்கண்ணாடி தெளிய வேண்டுமென்றால் ஹீட்டரிலிருந்து காற்று வந்தே ஆக வேண்டும். மாருதி 800, ஆல்டோ, ஜென், பழைய வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா மாதிரி, நாபையோ லீவரையோ கையால் நகர்த்தி வேலை வாங்கும் பழைய கார்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. தானியங்கி ஏசி உள்ள புதிய கார்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஹீட்டர் சரியில்லை என்று மெக்கானிக்கிடம் விட்டேன். கூலன்ட் மாற்றினார், தெர்மோஸ்டாட் மாற்றினார். ஒன்றும் மாறவில்லையே, ஏன்?

"ஹீட்டர் சரியில்லை" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதால்தான். காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடில்லை என்றால் அது தண்ணீர்ப் பக்கத்துக் கோளாறு: கூலன்ட் (எஞ்சினைச் சுற்றி வந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் திரவம்), தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), ஹோஸ், ஹீட்டர் காயில் (சூடான கூலன்ட் உள்ளே ஓட, காற்றைச் சூடாக்கும் குழாய்த் தொகுதி). வருகிற காற்று சூடாக இருக்கிறது, ஆனால் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் அது காற்றுப் பக்கத்துக் கோளாறு: ஃபில்டர் (காருக்குள் வரும் காற்றின் தூசைப் பிடிப்பது), புளோயர் (காற்றைத் தள்ளும் மோட்டார் விசிறி), ரெசிஸ்டர் (புளோயரின் வேகத்தைக் குறைத்துத் தருவது), கூலிங் காயில் (ஏசியில் காற்றைக் குளிர்விப்பது), காற்றைத் திருப்பிவிட உள்ளே இருக்கும் தடுப்புகள். இரண்டாவது கோளாறுக்கு முதலாவதின் மருந்தைக் கொடுத்தால் காசு போவதுதான் மிச்சம்.

மெக்கானிக்கிடம் பேசும்போது "நாலாம் ஸ்பீடில் வைத்தாலும் சத்தம் மட்டும்தான் வருகிறது, காற்று வரவில்லை" என்கிற மாதிரி நடப்பதைச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்களே சொல்லாதீர்கள்.

ஏசி போட்டாலும் காற்று குறைவு, ஹீட்டர் போட்டாலும் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா?

கெடவில்லை. இரண்டுக்கும் புளோயர் ஒன்றே, காற்று போகும் பாதையும் ஒன்றே. வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. (உள்காற்றில் வைத்திருந்தால் காருக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும்.) அப்புறம் ஃபில்டர் இருந்தால் ஃபில்டர், புளோயர், கூலிங் காயில், ஹீட்டர் காயில், கடைசியில் முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா என்று பிரித்துவிடும் தடுப்புகள். கம்பெனி ஏசி உள்ள பெரும்பாலான கார்களில் வரிசை இதுதான்.

இதில் பலர் கவனிக்காத இடம் கூலிங் காயில். ஏசியே போடாமல் ஹீட்டர் மட்டும் ஓட்டினாலும் காற்று அந்தக் காயிலுக்குள் புகுந்துதான் ஹீட்டர் காயிலுக்கு வர வேண்டும். எனவே ஏசிப் பக்கத்து அடைப்பு ஹீட்டர் காற்றையும் பிடித்து நிறுத்தும். "ஊட்டியில் ஏசியே போடுவதில்லை, கூலிங் காயில் எப்படிப் போனால் என்ன" என்று விடுவது இதனால்தான் தவறு.

எதையும் கழற்றாமல், கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு நன்றாகவே முடியும். காது, உள்ளங்கை இரண்டும் போதும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, புளோயரை ஒன்றிலிருந்து நாலு வரை ஒவ்வொன்றாக வையுங்கள்.

நாலில் புளோயர் உரக்கச் சத்தம் போடுகிறது, காற்று மட்டும் சோம்பலாக வருகிறது என்றால் பாதையில் அடைப்பு. சத்தமும் குறைவு, காற்றும் குறைவு என்றால் மோட்டாருக்குக் கரன்ட் சரியாகப் போகவில்லை, அல்லது மோட்டாரே தேய்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று வேலை செய்யாமல் நாலு மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அடுத்து வெளிக்காற்று, உள்காற்று லீவரை மாற்றிப் பாருங்கள். உள்காற்றில் வைத்ததும் காற்று பலமாகிறது என்றால் வைப்பர் கிரில் பக்கம் அடைப்பு. மாருதி முதல் ஹூண்டாய் வரை பெரும்பாலானவற்றில் ஃபில்டர் அந்த லீவரின் தடுப்பைத் தாண்டி இருப்பதால், ஃபில்டர் அடைத்திருந்தால் இரண்டு நிலையிலும் காற்று ஒரே மாதிரி குறைவாகத்தான் இருக்கும்.

கடைசியாக முகம், கால், கண்ணாடி என்று நாபைத் திருப்புங்கள். ஒரு பக்கம் நன்றாக வந்து இன்னொரு பக்கம் வராவிட்டால் புளோயரை விட்டுவிடுங்கள். தடுப்பைத் தேடுங்கள்.

வைப்பர் கிரில் பக்கம் என்ன அடைக்கப் போகிறது?

நீலகிரியில் கற்பூர மர இலையும் சில்வர் ஓக் இலையும் போதும். மரத்தடியில் நிறுத்தும் காரென்றால் பானெட்டின் பின்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இலை சேர்ந்து, மழையில் மக்கி, மண்ணாகவே ஆகியிருக்கும். கையை விட்டு அள்ளி எடுங்கள், முடிந்தால் வாக்குவம் போடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி உள்ளே தள்ளிவிடாதீர்கள். கிரில்லுக்கு அடியில் தொட்டி போல இருக்கும் அதே பள்ளத்திலிருந்து மழைத்தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளும் இருக்கின்றன. அவை அடைத்தால் தண்ணீர் புளோயருக்குள் இறங்கும்.

ஏசி ஃபில்டர் எங்கே இருக்கும்? எப்போது மாற்ற வேண்டும்?

இருந்தால், பெரும்பாலும் முன்சீட்டுப் பயணியின் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் அது கீழே தொங்கும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். வருடத்துக்கு ஒரு முறை, அல்லது பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும். மண் ரோட்டில் ஓடும் கார் என்றால் இன்னும் சீக்கிரம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசிப் போடாதீர்கள், நார் ஒட்டிக்கொண்டு முன்னைவிட மோசமாகும். புதியதில் காற்று போகும் திசைக்கு அம்பு போட்டிருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள்.

ஒரு சோதனை: ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நாலில் ஓட்டிப் பாருங்கள். காற்று பாய்ந்து வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. கழற்றியும் மாற்றமில்லை என்றால் அடைப்பு அதற்கு அப்பால். ஆனால் ஃபில்டர் இல்லாமலேயே ஓட்டிக்கொண்டிருப்பது வேண்டாம், அது தடுக்கிற தூசு முழுக்கக் கூலிங் காயிலில் போய் உட்காரும்.

என் காரில் ஃபில்டரே இல்லையாம். அப்படியும் உண்டா?

உண்டு. நம் ஊர்ப் பழைய கார்கள் பலவற்றில் ஃபில்டர் கிடையாது. சிலவற்றில் அதற்கு இடம் விட்டிருப்பார்கள், ஆனால் ஃபில்டர் போடாமல் பிளாஸ்டிக்கால் மூடி அனுப்பியிருப்பார்கள். அந்த மூடியை வெட்டி ஃபில்டர் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மாடலுக்கு அளவு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்தால் தவறில்லை.

இப்படிப்பட்ட காரில் பதினைந்து வருடத் தூசு, முடி, இலைத்தூள் எல்லாம் ஈரமான கூலிங் காயிலில் ஒட்டி, கம்பளித் துணியைப் போர்த்தினது போல ஒரு படலம் கட்டியிருக்கும். சத்தம் பலமாக, காற்று மெலிவாக, போட்டதும் ஒரு புழுங்கிய வாடையும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இந்தப் படலத்தின் மேல்தான். ஃபில்டர் இல்லாத பழைய காரில் புளோயரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நல்ல மோட்டாரைக் கழற்றிப் புது மோட்டார் மாட்டிவிட்டு, அதே காற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

கூலிங் காயிலைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டையே கழற்ற வேண்டுமா?

எல்லாக் காரிலும் வேண்டாம். புளோயரைக் கழற்றினாலோ ரெசிஸ்டரைக் கழற்றினாலோ கிடைக்கும் ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காயிலின் முகத்தைப் பார்க்க முடிகிற கார்கள் உண்டு. அங்கே தெரியும் படலத்தை மெல்லிய பிரஷால், தகடுகள் நிற்கும் திசையிலேயே மெதுவாக இழுத்து எடுக்கலாம். தகடுகள் அலுமினியம், விரல் பட்டாலே மடங்கும். மடங்கிய தகடும் அடைப்புதான். கம்ப்ரசர் காற்றை அருகில் வைத்து அடிப்பது, பிரஷர் வாஷ் காட்டுவது இரண்டும் கூடாது.

கடையில் விற்கும் நுரை ஸ்பிரே லேசான அழுக்குக்கும் வாடைக்கும் சரி. கெட்டியான படலத்தை அது கரைக்காது. மேலாக நனைத்துவிட்டுப் போகும். ஸ்பிரே அடித்தால் அது கீழே வடிய டிரெயின் பைப் திறந்திருக்க வேண்டும். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை, பயணி பக்கத்துக் கால்மிதி ஈரமாக இருக்கிறது என்றால் அந்தப் பைப் அடைத்திருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படலம் ஆழமாக இறங்கியிருந்தால் காயிலை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும். அதற்கு ஏசி கேஸை இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டியிருப்பதால் ஏசிக் கடை வேலை. அந்தச் செலவைச் செய்கிற அன்று ஹீட்டர் காயிலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டேஷ்போர்டை இரண்டாவது தடவை கழற்ற யாருக்கும் ஆசை இருக்காது.

நாலாம் ஸ்பீடு மட்டும் ஓடுகிறது. ரெசிஸ்டர் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி போகிறது.

ஒன்று முதல் மூன்று வரை கரன்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. நாலில் நேராக மோட்டாருக்குப் போகிறது. அதனால்தான் ரெசிஸ்டர் போனாலும் நாலு மட்டும் பிழைத்திருக்கிறது. ரெசிஸ்டர் நன்றாகச் சூடேறும். அதைக் குளிர்விக்கவே காற்றுப் பாதைக்குள் நீட்டி வைத்திருக்கிறார்கள். பாதை அடைத்திருந்தால் குளிராது, எரியும். மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரன்ட் இழுத்தாலும் எரியும். ஆகவே திரும்பத் திரும்பப் போகிறது என்றால் ரெசிஸ்டர் மேல் பழி இல்லை. ஃபில்டர், கூலிங் காயில், மோட்டார் இந்த மூன்றையும் பாருங்கள்.

ரெசிஸ்டரில், சூடு மிஞ்சினால் கரன்ட்டைத் துண்டிக்கும் சூட்டு ஃப்யூஸ் இருக்கும்; அதற்குப் பதிலாக ஒரு துண்டு வயரை வைத்துப் பற்றவைத்துத் தருகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்காமல் இருக்க வைத்த காவல் அது. அதேபோல் புளோயர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியரில் ஃப்யூஸ் போடுவதும் வேண்டாம்.

மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டார் போய்விட்டதா, வயரிங் கோளாறா?

மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. எஞ்சின் ஓட, புளோயர் நாலில் இருக்க, முதலில் பேட்டரியில் அளவு பாருங்கள். 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். பிறகு மோட்டார் சாக்கெட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளவெடுங்கள். ஒரு வோல்ட் அளவுக்குக் குறைந்தால் பழைய காருக்கு ஒத்துக்கொள்ளலாம். அவ்வளவு வோல்ட் வந்தும் சோம்பலாகச் சுற்றினால் மோட்டார்தான். பத்துப் பதினோரு வோல்ட்தான் வருகிறது என்றால் வழியில் எங்கோ தொலைகிறது: புளோயர் ஸ்விட்ச், அதன் பின்னால் கருகிப்போன சாக்கெட், ரிலே, அல்லது துருப்பிடித்த எர்த். நாபைத் தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது என்றால் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் முனை ஒன்று பழுப்பாகி உருகியிருக்கும்.

மோட்டாரைக் கழற்றும்போது அதன் விசிறிச் சக்கரத்தையும் பாருங்கள். சிறு சிறு தகடுகள் வட்டமாக நிற்கும் கூண்டு மாதிரி இருக்கும். தகடுகளின் குழிவில் தூசு அப்பியிருந்தால் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றை அள்ளாது. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். மோட்டார் நனையாமல் சக்கரத்தைத் தனியாக எடுத்துக் கழுவுங்கள்.

மோட்டாரை ரிப்பேர் செய்து மாட்டியபின் காற்று இன்னும் குறைந்துவிட்டது. எப்படி?

வயர் இரண்டும் மாறிப்போயிருக்கலாம். இந்த வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை உள்ளே இழுக்காது. அதே வழியில்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. அதனால் "சுற்றுகிறது, காற்றும் வருகிறது" என்று பார்க்கிறவர் ஏமாந்துவிடுவார். சாக்கெட்டில் வயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். வேறு மாடலின் சக்கரத்தைப் போட்டாலும் இதே கதைதான், தகடு எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும்.

காலுக்கு நன்றாக வருகிறது, முன்கண்ணாடிக்கு வரவே இல்லை.

நாபுக்குப் பின்னால் இருக்கும் கேபிள் அதன் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும், அல்லது தடுப்பின் பிளாஸ்டிக் கை உடைந்திருக்கும். நாப் வழக்கத்தைவிட லேசாகத் திரும்பினால் இதுதான். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, ஒருவர் நாபைத் திருப்ப இன்னொருவர் கேபிள் நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று: வென்ட்டிலிருந்து கறுப்பாகப் பஞ்சுத் துணுக்குகள் பறந்து வந்தால் தடுப்புகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஃபோம் உதிர்கிறது என்று அர்த்தம். ஃபோம் போன தடுப்பு சரியாக மூடாது, காற்று நாலு பக்கமும் சிதறும். முழுத் தீர்வுக்கு, தடுப்புகள் இருக்கும் பெட்டியைத் திறந்து புது ஃபோம் ஒட்ட வேண்டும். கண்ணாடிக்குப் போதுமான காற்று வருகிறது என்றால் அந்த வேலையைத் தள்ளிப்போடலாம், குடி முழுகிவிடாது.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் காற்று அதிகமாக வருகிற மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமையில்லை. வெளிக்காற்றில் வைத்திருக்கும்போது உள்ளே வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். அதற்காகக் காரின் பின்பக்கத்தில், டிக்கியின் ஓரத்திலோ பின் பம்பருக்கு உள்ளேயோ, ரப்பர் மடல் போட்ட ஓட்டைகள் இருக்கும். டிக்கியில் சாமான் அடைத்தோ, டிங்கரிங், பெயின்டிங் செய்தபோது டேப் ஒட்டி மறந்தோ அவை மூடியிருந்தால் புளோயர் திணறும்.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

இது தண்ணீர்ப் பக்கம். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினிலிருந்து டேஷ்போர்டு சுவருக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். சட்டெனச் சுடும், துணி வைத்துத் தொடுங்கள், ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சூடு என்றால் காயில் சரி, உள்ளே சூடு கலக்கும் தடுப்பு நகரவில்லை. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு உள்ள காரில் அதன் கேபிள் திறக்கவில்லை. இரண்டுமே சூடேறவில்லை என்றால் கூலன்ட் குறைவு, காற்றுப் பூட்டு (குழாயில் காற்று நின்று கூலன்ட்டை ஓடவிடாமல் தடுப்பது), அல்லது தெர்மோஸ்டாட்.

தெர்மோஸ்டாட் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வெயில் ஊர்களில் "இது இருந்தால் ஹீட் ஆகும்" என்று அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட கார் ஊட்டிக்கு வந்தால் எஞ்சின் அதற்குரிய சூட்டுக்கே வராது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் பிரேக்கில் (ஆக்சிலரேட்டரை விட்டு, கியரே வேகத்தைப் பிடிக்க) இறங்கும்போது ரேடியேட்டர் இருக்கிற சூட்டையும் வாங்கிக்கொள்ளும், ஹீட்டரில் பச்சைக் காற்று வரும். பெட்ரோலும் கூடச் செலவாகும். உங்கள் காருக்குரிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவதுதான் வழி.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் இன்னொன்றும் பாருங்கள். ஹீட்டர் காயில் ஒழுகினால் மாற்றச் செலவாகும் என்று இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கமே இணைத்து பைபாஸ் செய்து விட்டிருப்பார்கள். சமவெளியில் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீர் ஊற்றினால் என்ன?

உப்புப் படியும், துரு சேரும். ஹீட்டர் காயிலின் குழாய்கள் ரேடியேட்டரைவிடச் சின்னவை, முதலில் அடைப்பதும் அவைதான். லேசான அடைப்பு என்றால் எஞ்சின் ஆறியபின் ஹோஸ்களைக் கழற்றி, தோட்டத்துப் பைப்பில் குறைந்த வேகத்தில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசலாம். காயில் பழையது, அழுத்தம் அதிகமானால் உடையும். பிறகு உங்கள் காருக்குச் சொன்ன கூலன்ட்டை, கலக்கித் தராதது என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் எஞ்சினுக்குள் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. ரப்பர் போன மூடி மேலே ஏறும்போது கூலன்ட்டைக் கக்கும், அளவு குறையும், ஹீட்டர் குழாயில் காற்று நிற்கும். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

கண்ணாடியில் பனி மூட்டம் போக எதில் வைக்க வேண்டும்?

வெளிக்காற்று, கண்ணாடிப் பக்கம், சூடு, கூடவே ஏசி. குளிரில் ஏசியா என்று கேட்காதீர்கள். கூலிங் காயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது, ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்புகிறது, கண்ணாடி சீக்கிரம் தெளிகிறது. உள்காற்றில் வைத்தால் உங்கள் மூச்சு ஈரமே சுற்றிச் சுற்றி வரும். துடைத்தாலும் எண்ணெய்ப் பசையாகத் திரும்பப் படிந்து, இனிப்பான வாடையும் அடித்தால் அது பனியில்லை. ஹீட்டர் காயில் ஒழுகுகிறது.

எலித் தொல்லைக்கு நாப்தலீன் உருண்டை போடலாமா?

காற்று நுழையும் இடத்தில் வேண்டாம். அந்த வாடை முழுக்க உங்கள் மூக்குக்குத்தான் வரும், அது உடம்புக்கும் நல்லதில்லை. புகையிலை கட்டி வைப்பவர்களும் உண்டு, எலி அதைப் பொருட்படுத்துகிறதா என்பது எலியைப் பொறுத்தது. கிரில்லுக்கு உள்ளே மெல்லிய கம்பி வலை பொருத்துவது நிலையான வழி. கூடு கட்டியிருந்தால் மாஸ்க், கையுறை போட்டு, ஈரப்படுத்தி எடுங்கள்.

12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்ன ஹீட்டர் வாங்கலாமா?

காசு வீண். அந்த சாக்கெட் தாங்குவது பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர், அதாவது 120 முதல் 180 வாட். காரின் சொந்த ஹீட்டர் எஞ்சின் சூட்டிலிருந்து எடுத்துத் தருவது கிலோவாட் கணக்கில். அந்தப் பணத்துக்கு ஒரு ஃபில்டரும் ரெசிஸ்டரும் வந்துவிடும்.

இரவில் காருக்குள் ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா?

கூடாது. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால், பழைய சைலன்சரின் சிறு ஓட்டை வழியாக வரும் கார்பன் மோனாக்சைடு அதே வைப்பர் கிரில் வழியாக உள்ளே நுழையலாம். அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஓட்டும்போதே புகை வாடையோ தலைவலியோ இருந்தால் ஹீட்டர் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுச் சைலன்சரை முதலில் பாருங்கள்.